1330-ஐக் குடைந்து பார்ப்பது எப்படி?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித்தருகிறேன். "இந்த எண்ணின் பண்புகளை எழுது" என்றால், 'இரட்டைப்படை எண், பகு எண்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். ஒழுங்காகக் குடைந்தால் ஒரு பக்கம் போதாது. எல்லோரும் அறிந்த 1330-ஐயே எடுத்துக்கொள்வோம், குறட்பாக்களின் எண்ணிக்கை.

முதல் வேலை, பகாக் காரணிகளாகப் பிரிப்பது. 2-ஆல் வகுத்தால் 665; அதை 5-ஆல் வகுத்தால் 133. பலரும் இங்கேதான் நின்றுவிடுவார்கள், 133 பார்வைக்குப் பகா எண் போலவே இருக்கும். 13-இன் வர்க்கம் 169. அது 133-ஐத் தாண்டிவிடுவதால் 11 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். 3 வகுக்காது, 5 வகுக்காது, 7 வகுக்கும். ஆக, 1330 = 2 × 5 × 7 × 19.

இனி கைக்கு வேலை குறைவு. ஒவ்வொரு காரணியும் ஒரே முறை வருவதால் 1-ஐத் தவிர வேறு வர்க்க எண் எதுவும் இதை மீதியின்றி வகுக்காது. வகுத்திகள் 2 × 2 × 2 × 2 = 16. அவற்றின் கூடுதல் 3 × 6 × 8 × 20 = 2880. அதில் 1330-ஐக் கழித்தால் 1550. எண்ணையே மிஞ்சிவிட்டதால் இது மிகை எண். இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்று தேடவே வேண்டாம். 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் பகாக் காரணி ஒற்றைப்படை முறை வந்தால் அப்படி எழுத முடியாது. இங்கே 7 ஒரே முறை வந்திருக்கிறது, அதுவே தடை.

அடுத்து, வடிவம். எலுமிச்சைகளை முக்கோணம் முக்கோணமாகக் கூம்பாக அடுக்கினால் 1, 4, 10, 20 என்று வளரும். ஓர் எண் இந்த வரிசையில் உண்டா என்று பார்க்க அதை 6-ஆல் பெருக்குங்கள்; அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கல் வந்தால் உண்டு. இங்கே வருவது 7980. இது 8000-க்கு, அதாவது 20-இன் கனத்துக்கு, அருகில் இருக்கிறது. 19 × 20 × 21 என்று பெருக்கிப் பாருங்கள், சரியாக 7980. ஆகவே 1330 என்பது 19 அடுக்குக் கூம்பு. எனக்கு மிகவும் பிடித்த பண்பு இதுதான்.

பிறகு அண்டை எண்ணைத் தட்டுங்கள். 1331 என்பது 11-இன் கனம். எனவே 1330 = (11 − 1)(121 + 11 + 1) = 10 × 133. அதிகாரத்துக்குப் பத்துக் குறள், அதிகாரம் 133! வள்ளுவர் திட்டமிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பிவிடாதீர்கள்.

இலக்கங்களைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். 1 + 3 + 3 + 0 = 7; அந்த 7 எண்ணை வகுக்கிறது. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் இத்தகைய எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயரிட்டார். ஆனால் இது பத்தடிமானத்தில் எழுதுவதால் வந்த பண்பு. பத்துக்குப் பதில் 11-இன் அடுக்குகளில், அதாவது பதினோரடிமானத்தில், எழுதினால் 1330 = 10 × 121 + 10 × 11 + 10; மூன்று இலக்கங்களும் பத்து, கூடுதல் 30. அது 1330-ஐ வகுக்காது. பகாக் காரணிகளோ எப்படி எழுதினாலும் மாறாதவை.

முடிக்கும் முன் 1330, 1331 இரண்டையும் சேர்த்து இன்னொன்று: 2 + 5 + 7 + 19 = 33; 11 + 11 + 11 = 33. இப்படி அடுத்தடுத்த இரு எண்களின் பகாக் காரணிக் கூடுதல் ஒன்றானால் ரூத்–ஆரன் இணை என்பார்கள். 1974-இல் பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரன், பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையைத் தாண்டி 715-ஐ எட்டியபோது கிடைத்த பெயர். 714, 715 இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கூடுதல் 29 வர வேண்டும்.