ரூபி ஃபுக்சைட்டா, ரூபி ஜோய்சைட்டா? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

பச்சைக் கல், நடுவில் அங்கங்கே சிவப்புத் திட்டு. கடையில் இரண்டையும் ஒரே பெயரில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் உருமாறிய பாறைதான், ஆனால் ஜோய்சைட் தான்சானியாவின் லோங்கிடோ பக்கத்துச் சரக்கு, ஃபுக்சைட் நம் பக்கத்துக் கர்நாடகத்திலேயே கிடைப்பது. மோதிரத்தில் பதிக்கலாமா கூடாதா என்பது இதைப் பொறுத்தது.

முதலில் வெயிலில் வைத்து, 10 மடங்கு லூப்பில் (நகைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) பாருங்கள். பச்சைக்குள் கறுப்புத் திட்டுகள் இருந்தால் முக்கால்வாசி ஜோய்சைட். கல்லைச் சாய்க்கும்போது பச்சை முழுக்கச் செதில் செதிலாக மினுங்கினால் ஃபுக்சைட். அது குரோமியம் கலந்த காக்காப்பொன்தான். சிவப்பைச் சுற்றி நீல விளிம்பும் தெரிந்தால் (கயனைட் என்ற நீலக் கனிமம்) ஃபுக்சைட்தான், சந்தேகமே வேண்டாம்.

நீல விளிம்பு எல்லாக் கல்லிலும் இருக்காது, அப்போது கீறித்தான் பார்க்க வேண்டும். என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இந்த இடம்தான். கல்லின் பின்பக்கம், பச்சைப் பகுதியில் மட்டும், தையல் ஊசியால் ஒரு சின்னக் கோடு போடுங்கள். கோடு தெரிகிறதே, ஃபுக்சைட்தான் என்று எழுந்துவிடாதீர்கள்! ஜோய்சைட்டின் கடினம் மோ அளவில் (கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் அளவுகோல்) 6-7, ஊசியைவிட அதிகம் என்பதால் ஊசிதான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடாக ஒட்டிக்கொள்ளும். ஈர விரலால் அழுத்தித் தேய்த்தால் அது போய்விடும். ஃபுக்சைட் வெறும் 2-3 என்பதால் நகம் மாட்டுகிற பள்ளமே விழும், ஊசி முனையில் மினுங்கும் தூளும் இருக்கும். சிவப்பில் கீறிப் பயனில்லை, ரூபி 9.

புற ஊதா டார்ச் வாங்குவதாக இருந்தால் 365 நானோமீட்டர் வாங்குங்கள். மலிவான 395-இல் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. ஆனால் ஒன்று, ரூபி இரண்டு கல்லிலும் சிவப்பாக ஒளிரலாம், அதனால் சிவப்பு நிஜ ரூபியா என்று பார்க்கத்தான் டார்ச், கல்லைப் பிரிக்க அல்ல.

பிற்சேர்க்கை: பளபளவென்று இருக்கும் கல்லில் ஊசி வழுக்குகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது பெரும்பாலும் ரெசின் பூச்சு. டார்ச் அடித்தால் மேற்பரப்பு நீலம் கலந்த வெள்ளையாகத் தெரிய வாய்ப்பு அதிகம். பூச்சு விட்டுப்போன ஓரமோ மணியின் துளையோ பார்த்துக் கீறுங்கள். ஃபுக்சைட் என்று உறுதியானால் பதக்கம், காதணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்ட்ராசோனிக் கிளீனரில் (ஒலி அதிர்வால் நகையைச் சுத்தம் செய்யும் கருவி) போடவே போடாதீர்கள்.