இரண்டு ஜோடி ஆரஞ்சு போதும்

சீனப் புத்தாண்டுக்குப் பினாங்கில் ஹொக்கியன் (சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த சீனர்) நண்பர்களின் வீடுகளுக்குப் போகிறவர்கள் மாண்டரின் ஆரஞ்சைப் பெட்டி பெட்டியாக வாங்க வேண்டாம். முதல் வீட்டுக்கு ஒரு ஜோடி, கையிருப்பாக இன்னொன்று, பெரும்பாலும் போதும். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. நீங்கள் இரண்டு கொடுத்தால் கிளம்பும்போது அவர்களும் இரண்டு தருவார்கள். அதையே அடுத்த வீட்டில் கொடுக்கலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. அடிபட்ட பழத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். ஒற்றைப்படை வேண்டாம். அப்புறம், நோய், கடன், சாவுப் பேச்சும் வேண்டாம்; அந்த நாட்களில் வாயில் நல்ல சொல்லே வர வேண்டும் என்பார்கள் (நம் பொங்கல் வீட்டிலும் அப்படித்தானே!).

துக்கம் நடந்த வீட்டுக்கு இது பொருந்தாது, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புத்தாண்டின் மூன்றாம் நாள் போனால் சண்டை வரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. எட்டாம் நாள் இரவும் சரிப்படாது: நள்ளிரவில் வானுலகின் அரசராகக் கருதப்படும் ஜேட் பேரரசர் என்ற தெய்வத்துக்கு வழிபாடு தொடங்கும், மேசையில் கரும்பு கட்டுவதில் வீடே மும்முரமாக இருக்கும். ஹொக்கியன் மக்களுக்கு அந்த ஒன்பதாம் நாள் புத்தாண்டுக்குச் சமம்.