பழனி மலைப் பாதைகளை இணைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையேற்றப் பாதைகளை இணைப்பது என்றதும் வரைபடத்தை விரித்து, காட்சிமுனைகளைக் கோடு போட்டுச் சேர்த்துவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். கொடைக்கானலைச் சூழ்ந்த இந்தப் பழனி மலைத்தொடரில் பாதைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் பாதை, மோட்டார் சாலைக்கு முன்பே ஆளும் பொதியும் ஏறிய வழி. அது வளைந்து வளைந்து ஏறுவது சுமைக்காரர்களின் கால்களுக்காக மட்டுமல்ல, மண்ணுக்காகவும்தான். குறுக்குவழி என்று சரிவில் நேராக வெட்டினால் மழைத்தண்ணீர் அதை ஓடையாக்கிவிடும். மண் கரைந்து வேரும் கல்லும் துருத்தும். வழுக்குகிறதே என்று நடப்பவர்கள் ஓரத்துப் புல்லில் இறங்குவார்கள், பாதை அகன்றுகொண்டே போகும். சரிவுக்குக் குறுக்கே பாதை, ஆங்காங்கே தண்ணீரை வெளியே திருப்பிவிடும் கல்வரிசை, இவ்வளவு போதும். சிமென்ட் படிக்கட்டு வேண்டவே வேண்டாம்.

ஊரைக் கேட்காமல் ஊருக்குள் பாதை விடுவது அடுத்த தவறு. வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊர் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். இதைக்கூட விசாரிக்காதவர் அங்கே வழிகாட்டிப் பலகை நடலாமா?

கீழ்மலையில் தாண்டிக்குடி சுற்றுவட்டாரத்தில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களான கற்திட்டைகள் உண்டு. நிறுத்திய பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், அவ்வளவுதான். படம் எடுக்க ஏறி நின்றால் சரிந்துவிடும். காவலுக்கு உள்ளூர் ஆள் ஏற்பாடாகும்வரை அந்த இடங்களை விளம்பரப்படுத்தாமல் இருப்பதே நல்லது.

மேல்மலைப் புல்வெளியைக் காலியிடம் என்று கருதி வாகன நிறுத்தமும் கூடாரமும் போடுவதும் வழக்கமாகிவிட்டது. மழையைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு விடுவது அந்தப் புல்லும் சோலைக்காடும்தான். 2018இல் பூத்த குறிஞ்சி, பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி 2030இல் மறுபடி பூக்கும். அதைப் பார்க்க வரும் கூட்டத்துக்கான உச்சவரம்பை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

கோடையை மறப்பதுதான் உயிரைக் குடிக்கும் தவறு. 2018 மார்ச் 11 அன்று, பக்கத்துத் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். மனிதனால் அதை முந்த முடியாது. எனவே எந்த மாதங்களில் பாதையை மூடுவது, ஆபத்தில் எந்த வழியாக இறங்குவது என்பதைத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

திறப்புவிழா வளைவுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பாதையைச் செப்பனிடும் உள்ளூர்க்காரர்களின் கூலிக்கு ஆண்டுதோறும் ஒதுக்குங்கள்.