சி மொழியில் ரவுண்டிங்கை மாற்றிப் பார்ப்போம்: ஃபென்வ்.எச் முதல் பாடம்

ஒன்றை மூன்றால் வகுத்து வரும் விடை எந்த டபுளுக்குள்ளும் முழுதாக அடங்காது, எங்கேயாவது வெட்டித்தான் ஆகவேண்டும். மேல்பக்கமா கீழ்பக்கமா என்பதை ப்ராசசர் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது, அதுதான் ரவுண்டிங் மோடு; கணக்கில் கோளாறு வந்தால் உயர்த்துவதற்கு ஐந்து கொடிகளும் (ஃப்ளாக்) அதனிடம் உண்டு. இரண்டும் சேர்ந்ததுதான் ஃப்ளோட்டிங் பாயிண்ட் என்விரான்மென்ட். அதைத் தொடுவதற்கு சி99 கொடுத்த ஹெட்டர் ஃபென்வ்.எச். அதன் ஃபங்ஷன் பெயர்கள் எஃப், ஈ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும்; இங்கே அதை விட்டுவிட்டு எழுதுகிறேன், டைப் செய்யும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று டபுள் மாறிகள் வேண்டும், மூன்றுக்கும் முன்னால் வாலடைல் போடுங்கள். ஒன்றில் 1.0, இன்னொன்றில் 3.0, மூன்றாவது விடைக்கு. நான் முதல்முறை வாலடைல் போடவில்லை, எந்த மோடு வைத்தாலும் ஒரே விடைதான் வந்தது, ஏனென்றால் கம்பைலர் அந்த வகுத்தலைத் தானே முன்கூட்டிப் போட்டு முடித்துவிட்டது.

அடுத்து, கெட்ரவுண்ட் தருவதை ஒரு இன்ட்டில் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் செட்ரவுண்டுக்கு அப்வேர்ட் மோடைக் கொடுங்கள், அது 0 திருப்பித் தந்தால்தான் மாற்றம் நடந்தது என்று அர்த்தம், அதனால் கட்டாயம் சரிபாருங்கள். இப்போது வகுத்து, உடனே பழைய மோடைத் திரும்ப வைத்துவிட்டு, அதற்குப் பிறகே பிரின்ட்எஃப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம்: லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் பிரின்ட்எஃப்பும் நடப்பு மோடைப் பார்த்துத்தான் இலக்கங்களை வெட்டும், அப்வேர்டிலேயே அச்சிட்டால் கடைசி இலக்கம் ஒன்று கூடிவிடும்.

17 தசம இடம் வரை அச்சிட்டால் சாதாரண மோடில் 0.33333333333333331, அப்வேர்டில் 0.33333333333333337. டவுன்வேர்டில் வைத்தால் சாதாரண மோடின் விடையேதான் வரும், பயப்படவேண்டாம், சாதாரண மோடு மிக அருகில் இருக்கும் டபுளைத்தான் எடுக்கும், மூன்றில் ஒன்றுக்கு அது கீழ்பக்கம்தான் இருக்கிறது.

சரி, கொடிகள். கணக்குக்கு முன் கிளியர்எக்செப்ட், பின் டெஸ்ட்எக்செப்ட். 1.0ஐ 0.0ஆல் வகுத்துப் பாருங்கள், புரோகிராம் நிற்காது, இன்ஃபினிட்டி வரும், டிவ்பைசீரோ கொடி மட்டும் மேலே ஏறியிருக்கும். ஏறிய கொடி தானாக இறங்காது, அதனால்தான் முதலில் கிளியர் செய்யச் சொன்னேன். இன்எக்ஸாக்ட் கொடியைப் பிழையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலான கணக்குகளில் அது ஏறும். மற்ற மூன்று இன்வாலிட், ஓவர்ஃப்ளோ, அண்டர்ஃப்ளோ.

மற்றவர்கள் கூப்பிடப்போகும் ஃபங்ஷனாக இருந்தால், தொடக்கத்தில் ஹோல்ட்எக்செப்ட், முடிவில் அப்டேட்என்வ். அவர்களுடைய மோடும் கொடிகளும் திரும்பி வரும், உங்கள் கணக்கில் ஏறிய கொடிகளும் சேர்ந்து வரும். உள்ளே பயனில்லாமல் ஏறிய கொடியை மறைக்க வேண்டுமானால், அப்டேட்என்வுக்கு முன் அதை மட்டும் கிளியர் செய்யுங்கள்.

கம்பைல் செய்யும்போது, மோடை மாற்றுகிறோம் என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃபென்வ் ஆக்சஸ் என்ற பிராக்மாவை ஜிசிசி கண்டுகொள்வதில்லை, அதனால் மைனஸ் எஃப்ரவுண்டிங்-மேத் ஆப்ஷனைக் கொடுங்கள். லினக்ஸில் கட்டளையின் கடைசியில் மைனஸ் எல்எம் இல்லாவிட்டால், செட்ரவுண்ட் எங்கே என்று லிங்கர் கேட்கும்.