ஹைஜீனிஸ்ட்கள் ஒன்றுசேர: முதல் கூட்டத்துக்குச் சாணைக்கல்லோடு வாருங்கள்

பல் க்ளினிக்கில் பல்லைச் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்ட்கள் நாம். "அக்கா, நமக்கும் ஒரு சங்கம் ஆரம்பிக்கலாமா?" என்று அடிக்கடி யாராவது ஒரு தங்கை போன் செய்கிறாள். தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால் தலைவர் யார், செயலாளர் யார் என்பதில் தொடங்காதீர்கள். மதுரைப் பக்கம் அப்படித் தொடங்கிய ஒரு குழு லெட்டர்பேடு அச்சடித்ததோடு நின்றுபோனது.

நம் சிக்கல் வேறு மாதிரி. நர்ஸ்களுக்கு வார்டு இருக்கிறது, ஷிப்ட் மாறும்போது பத்துப் பேர் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் க்ளினிக்குக்கு ஒருவர். பல இடங்களில் டாக்டரே ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையை எடுப்பது) செய்துவிடுவதால் அந்த ஒருவரும் இல்லை. அதனால் முதல் வேலை ஆள் தேடுவது. படித்த பேட்சின் வாட்ஸ்அப் குரூப், பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்களைப் பார்க்கும் பெரியோ டிபார்ட்மென்ட், டென்டல் சாமான் விற்கும் டீலர் கடை, இந்த மூன்று இடத்திலும் விசாரியுங்கள். எந்த க்ளினிக்கில் யார் வேலை செய்கிறார்கள் என்று டீலர் கடைப் பையனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

ஐந்தாறு பேர் கிடைத்ததும் ஒரு ஞாயிறு மதியம் கூடுங்கள். காலையில் பல க்ளினிக் திறந்திருக்கும், கூப்பிட்டால் வரமாட்டார்கள். அழைப்பில் "ஆலோசனைக் கூட்டம்" என்று போடாதீர்கள். "மழுங்கிய க்யூரெட்களைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து தீட்டலாம்" என்று போடுங்கள். க்யூரெட் என்பது காரையைச் சுரண்டி எடுக்கும் கைக்கருவி. ஆட்டோக்ளேவில் நீராவியால் கிருமி நீக்கம் செய்தவற்றை மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள். தீட்டிய பிறகு திரும்பவும் ஆட்டோக்ளேவ் செய்தாக வேண்டும்.

ஏன் இது? இரண்டு வருஷ டிப்ளமோவில் தீட்டக் கற்றுக்கொண்டாலும், வேலைக்கு வந்த பிறகு பெரும்பாலானவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். மழுங்கிய கருவியால் காரையை இழுத்து இழுத்து மணிக்கட்டு வலிதான் மிச்சம். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் செய்து காட்டட்டும். க்யூரெட்டின் முகம், அதாவது அலகின் மேல்தளம், தரைக்கு இணையாக இருக்க வேண்டும். கல்லுக்கும் முகத்துக்கும் நடுவே 100 முதல் 110 டிகிரி. ஒரு பக்க விளிம்பு மட்டுமே வேலை செய்யும் கிரேசி க்யூரெட் என்றால் கீழ் விளிம்பை மட்டும் தீட்ட வேண்டும், கடைசி இழுப்பு கீழ்நோக்கி முடிய வேண்டும். அப்புறம் விளக்கடியில் பிடித்துப் பாருங்கள்: மழுங்கிய விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும், கூரானது மின்னாது. பிளாஸ்டிக் டெஸ்ட் குச்சியில் வைத்தால் வழுக்காமல் கடிக்கும். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். யாரை ரிசப்ஷனிலும் உட்கார வைக்கிறார்கள், யாருக்குச் சம்பளம் தள்ளிப் போகிறது எல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

சம்பளத்தை மட்டும் வாய்விட்டுப் பேச விடாதீர்கள், மனஸ்தாபம் வரும். பெயர் எழுதாமல் அனுபவம், வேலை நேரம், சம்பளம் மூன்றையும் துண்டுச்சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடச் சொல்லுங்கள். ஒருவர் எல்லாவற்றையும் வாசிக்கட்டும். அடுத்த வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எவ்வளவு கேட்கலாம் என்று தெரிந்துவிடும்.

சரி, பொறுப்பு கொடுப்பது எப்படி? பதவியாகக் கொடுக்காதீர்கள், முடிவுத் தேதியுள்ள வேலையாகக் கொடுங்கள். மார்ச் 20 உலக வாய் சுகாதார நாள். "பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை பள்ளி கேம்ப் உன் பொறுப்பு" என்று சொன்னால், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறவள்கூடச் சம்மதிப்பாள். "நீதான் செயலாளர்" என்றால் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பாள்.

கேம்புக்குத் தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும், கூட ஒரு பல் டாக்டர் வர வேண்டும். பள்ளியில் ஸ்கேலிங் வேண்டாம். அழுக்கைச் சிவப்பாகக் காட்டும் டிஸ்க்ளோசிங் சொல்யூஷனும் கைக்கண்ணாடியும் போதும். உதட்டில் வாசலின் தடவி, சட்டைமேல் நாப்கின் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டைக்கு அம்மாக்கள் நம்மைத்தான் திட்டுவார்கள். கீழ் முன்பல்லின் உள்பக்கச் சிவப்பைக் கண்ணாடியில் பார்த்த பிள்ளைக்குப் பிரஷ் பிடிக்கும் விதத்தைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்கும்.

கணக்கை அதிகம் பேசாத ஆளிடம் கொடுங்கள். பில் போட்டோ அன்று ராத்திரியே குரூப்பில் வந்துவிட வேண்டும். இருபது ரூபாய் ஜெராக்ஸாக இருந்தாலும் சரி. பொறுப்பு முடிந்தவர் குரூப் அட்மினையும் விட்டுக்கொடுக்க வேண்டும். பல சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

"சங்கமா? ஸ்ட்ரைக் பண்ணப் போறீங்களா?" என்று டாக்டர்கள் கேட்பார்கள். முகம் சுளிக்காமல் கேம்புக்கு அழையுங்கள். நாம் அவர்கள் மேற்பார்வையில் வேலை செய்கிறவர்கள், பகைத்துக்கொண்டு எதுவும் நடக்காது. அதே சமயம் பில் போடும் வேலையை நம் தலையில் கட்டினால் தனியாகப் போய் அழ வேண்டாம். 1948-ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டமே நம் வேலையைத் தெளிவாகச் சொல்லியிருந்தது: பல்லில் காரை எடுப்பது, சுத்தம் செய்வது, பாலிஷ் போடுவது, பல் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பது. இதை ஒரு பக்கத்தில் எழுதிக் குழுவின் பெயரில் எல்லா க்ளினிக்குக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். அப்போது எந்த ஒரு பெண்ணும் தனியாக மாட்டிக்கொள்ளமாட்டாள்.

ஒரு வருஷம் இப்படி ஓடினால் பதிவு செய்யலாம். 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2023-இல் தேசிய பல் ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அதன் விதிகளைப் பற்றி மனு கொடுப்பதென்றால் தனிஆள் கடிதத்தைவிடப் பதிவு எண் உள்ள கடிதத்துக்கு மரியாதை அதிகம். துணைவிதி எழுதும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒருவர் ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்கக் கூடாது. சங்கத்தைப் பதிவு செய்யப் போகும் முன்பே எல்லாரும் மாநில பல் மருத்துவக் கவுன்சிலில் தங்கள் பதிவைப் புதுப்பித்துவிட்டார்களா என்று பாருங்கள். யாராவது ஒருவர் நிச்சயம் மறந்திருப்பார்.