வியா தே லா பிளாத்தா: ஊரே இல்லாத பாதையில் நடக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஸ்பெயினின் செவில் நகரப் பேராலயத்திலிருந்து வடக்கே சந்தியாகோ தே கொம்போஸ்தேலா வரை போகும் பாதை இது. ஏறத்தாழ 1,000 கி.மீ. தமிழ்க் கிறிஸ்தவர்கள் சந்தியாகப்பர் என்று அழைக்கும் திருத்தூதர் யாக்கோபின் கல்லறைக்குப் போகும் வழிகளில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒன்று. 'பிளாத்தா' என்றால் ஸ்பானிய மொழியில் வெள்ளி. ஆனால் இந்தப் பாதைக்கும் வெள்ளிக்கும் சம்பந்தமில்லை. கல் பாவிய சாலையைக் குறிக்கும் அரபுச் சொல் மருவி அப்படி ஆனது என்பார்கள்.

இங்கே சிரமப்படுகிறவர்களில் பலர் நடைக்குப் புதியவர்கள் அல்ல. அதே சந்தியாகோவுக்குப் போகும், கூட்டம் அலைமோதும் பிரெஞ்சுப் பாதையை ஒருமுறை முடித்துவிட்டு, அதே பழக்கத்தோடு வருகிறவர்கள். அங்கே ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு காபிக் கடை இருக்கும், கால் வலித்தால் அடுத்த ஊரில் படுத்துக்கொள்ளலாம். பழனி பாதயாத்திரைக்குப் போகிறவர் அன்னதானத்தையும் மோர்ப்பந்தலையும் நம்பிக் கையை வீசிக்கொண்டு கிளம்புவதைப் போன்றது அது. இந்தப் பாதையில் 30 கி.மீ.க்கு ஒரு குழாய்கூட இல்லாத நாட்கள் உண்டு.

ஆகவே முதல் தவறு, மொத்தத் தூரத்தை நாளுக்கு 25 கி.மீ. என்று வகுத்துத் திட்டம் போடுவது. 25-வது கிலோமீட்டரில் படுக்கை இருக்காது. முதலில் விடுதி உள்ள ஊர்களைக் குறியுங்கள், இடையிலுள்ள தூரத்தை அப்புறம் பாருங்கள். மூன்று இடங்கள் எல்லோரையும் பதம் பார்க்கும். காஸ்தில்பிளாங்கோவிலிருந்து அல்மதேன் 29 கி.மீ.க்கு மேல். முதல் 16 கி.மீ. தார்ச்சாலை ஓரம், மிச்சம் காட்டுப்பகுதி. ஊர் கண்ணில் படுவதற்குச் சற்று முன் 'கல்வாரி' என்றே பெயர் வைத்த செங்குத்து ஏற்றம் நிற்கிறது. செவிலிலிருந்து மூன்றாம் நாளே இது வந்துவிடுவதால், கால் பழகாதவர்களின் கொப்புளங்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். அடுத்தது, காசார் தே காசெரெஸிலிருந்து கன்யவெரால் வரை 33 கி.மீ. நடுவே அல்காந்தரா நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும், ஆனால் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. நீர்த்தேக்கக் கரையில் ஒரு விடுதி உண்டு. அது திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்காமல் அதை நம்பி இறங்கக் கூடாது. மூன்றாவது, கார்கபோசோவிலிருந்து அல்தேயநுவேவா, சுமார் 38 கி.மீ. வழியில் காப்பரா என்ற ரோமானிய நகரத்தின் நாற்புற வளைவு தனியாக நிற்கிறது. ஊர் எதுவும் இல்லை. இதை இரண்டாக உடைக்க வேண்டுமென்றால், பாதையை விட்டு விலகி ஒலிவா தே பிளாசென்சியாவுக்குப் போகலாம், அல்லது வண்டி அனுப்பி அழைத்துப்போகும் விடுதியோடு முன்கூட்டியே பேசிவைக்கலாம். களைத்துப்போய் காப்பராவில் உட்கார்ந்தபின் போன் எடுத்தால் காரியம் நடக்கும் என்று உறுதியில்லை.

இந்த மூன்று நாட்களிலும் 3 லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம், வெயிலானால் 4. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் மற்ற சுமையைக் குறைத்தே ஆகவேண்டும். தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எதையாவது வெளியே எடுங்கள். இரண்டாவது ஜோடி காலணியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வெயில் விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறும் இடம் வேறு. 'சென்னை வெயிலையே பார்த்தவர்கள்' என்ற தைரியம் ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் செவிலிலும் எக்ஸ்த்ரெமதூரா மாநிலத்திலும் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம், ஒதுங்க நிழல் கிடையாது. அந்த இரண்டு மாதமும் வேண்டவே வேண்டாம். இன்னொன்று கடிகாரம். மேற்கே தள்ளியிருந்தும் ஸ்பெயின் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுவதால், கோடையில் செவிலில் உச்சிப்பொழுது பகல் இரண்டரை மணியை ஒட்டி வரும். மாலை ஐந்து மணிக்குத்தான் வெயில் உச்சத்தில் காயும். "மூன்று மணிக்கு மேல் தணிந்துவிடும், அதுவரை ஒதுங்கி இருந்து நடக்கலாம்" என்கிற கணக்கு இங்கே செல்லாது. மே மாதத்தில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழும். ஆறரைக்கே நெற்றி விளக்கோடு கிளம்பி, ஒரு மணிக்குள் ஊர் சேர்வதே சரி.

மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் முதல் வாரத்தில் கிளம்புவது நல்லது. ஆனால் செவிலில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரமும், அதற்குப் பிறகு வரும் ஏப்ரல் திருவிழாவும் நடக்கும் நாட்களில் அறை வாடகை பல மடங்கு ஏறிவிடும். அந்தத் தேதிகளைப் பார்த்து விமான டிக்கெட் போடுங்கள். வசந்தத்தில் வேறொரு சங்கடமும் உண்டு: பாலமில்லாத ஓடைகள். முதல் நாளே கியேனா ஊருக்குள் நுழையுமுன் ஓர் ஓடை குறுக்கிடும். மழைக்குப் பிறகு அதில் இறங்கிப் பார்ப்பது வீரமல்ல, சாலை வழியே சுற்றிப் போய்விடலாம். தெற்கே வெயிலில் காய்ந்தவர் ஒரு மாதம் கழித்து சனாப்ரியா மலைப்பகுதியில் 1,300 மீட்டருக்கு மேலே ஏறும்போது நடுங்குவார். கம்பளி உடையை வழியிலுள்ள சலமான்கா நகரில் தபாலில் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

விசாவில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 180 நாளில் 90 நாள் என்பது ஷெங்கன் பகுதியின் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின்) உச்சவரம்பு. உங்கள் விசா ஒட்டியில் அச்சிட்ட நாட்கள்தான் உங்களுக்கு. 40 நாள் நடைக்கு, ஓய்வும் பயணமும் சேர்த்து 50 நாளாவது கேளுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு அந்த முழு நாட்களுக்கும் இருக்கவேண்டும். பயண நாளுக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம்வரை வைத்திருக்க வேண்டியதில்லை.

வழிகாட்டிக் குறிகளில் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்த்ரெமதூரா முழுக்கக் கருங்கல் கனசதுரங்கள் நட்டிருப்பார்கள். அவற்றில் மஞ்சள் நிறம் யாத்திரைப் பாதைக்கு, பச்சை நிறம் பழைய ரோமானியச் சாலைக்கு. இரண்டும் சேர்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. பச்சை மட்டும் இருக்கும் கல்லைப் பின்தொடர்ந்தால் எங்காவது வயல் வேலியில் போய் முட்டவேண்டியதுதான். பாதையின் ஜி.பி.எஸ். தடத்தை இணையம் இல்லாமலே திறக்கும்படி போனில் இறக்கி வையுங்கள். மேய்ச்சல் நிலங்களின் கதவுகளைத் திறந்தால் மூடிவிட்டுப் போகவேண்டும், பின்னால் ஆள் வந்தாலும் சரி. மந்தைக் காவலுக்கு நிற்கும் மாஸ்தின் நாய்கள் கன்றுக்குட்டி அளவு இருக்கும். மந்தைக்கும் நாய்க்கும் நடுவே புகாமல், கோலை ஓங்காமல், சீரான நடையில் விலகிப் போனால் பெரும்பாலும் குரைப்போடு விட்டுவிடும். அவசரத்துக்கு 112.

சாப்பாட்டுக்கு வருவோம். கடைகள் பகல் இரண்டு மணிக்குச் சாத்தினால் ஐந்துக்குத்தான் திறக்கும். ஞாயிறு முழுக்க அடைப்பு. சனிக்கிழமை காலையிலேயே இரண்டு நாள் சாமானை வாங்கிக்கொள்ளாதவர் ஞாயிறு பட்டினி. இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன் கிடைப்பது அபூர்வம், எனவே பகல் இரண்டு மணிக்குக் கிடைக்கும் முழுச் சாப்பாட்டைப் பிரதானமாக வைத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறி சாலட் என்று சொன்னாலும் சூரை மீனோடு வரும், காய்கறிக் குழம்பில் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். முட்டை சேர்ப்பவர்களுக்கு தொர்த்தியா என்னும் உருளைக்கிழங்கு முட்டை அடை எந்தக் கடையிலும் கிடைக்கும். மற்றவர்களுக்குக் கண்ணாடிப் புட்டியில் வரும் வேகவைத்த கொண்டைக்கடலையும் ரொட்டியும் கைகொடுக்கும். ஏ.டி.எம். இல்லாத ஊர்கள் நிறைய. நாலு நாளுக்கான ரொக்கம் பையில் இருக்கட்டும்.

சமோராவைத் தாண்டி கிரான்ஹா தே மொரெருவேலாவில் பாதை இரண்டாகப் பிரியும். நேராகப் போனால் அஸ்தோர்காவில் பிரெஞ்சுப் பாதையின் கூட்டத்தில் கலந்துவிடுவீர்கள். அமைதி தேடி வந்தவர் இடப்பக்கம் திரும்பி ஔரென்சே வழியாகப் போகவேண்டும். ஔரென்சேயிலிருந்து சந்தியாகோ 100 கி.மீ.க்குச் சற்று அதிகம். யாத்திரையை நடந்து முடித்ததற்குத் தரும் சான்றிதழுக்கு 100 கி.மீ. போதும் என்பதால் அந்த ஊரில் புதிதாகப் பலர் சேர்வார்கள். சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிறாக வரும் 2027 புனித ஆண்டு, அப்போது இன்னும் அதிகம். அந்தக் கடைசிப் பகுதியில் யாத்திரை அட்டையில் நாளுக்கு இரண்டு முத்திரை வாங்கத் தவறினால் சான்றிதழில் சிக்கல் வரும்.

சந்தியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்தின் அரசு விடுதிகளில் முன்பதிவு கிடையாது. சமையலறையில் அடுப்பு இருக்கும், ஆனால் பாத்திரமும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு சிறு டம்ளரும் கரண்டியும் கொண்டுபோங்கள். லாசா ஊரில் விடுதிக் கதவில் நின்று தட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். அதன் சாவி ஊருக்குள் இருக்கும் குடிமைப் பாதுகாப்பு அலுவலகத்தில் கிடைக்கும், அங்கேதான் முதலில் பதிவு செய்யவேண்டும்.