மலாய் தெரிகிறது, தமிழ் உடைகிறது: கொக்கூனில் எழுத்துக் குறியாக்கத் தவறுகள்

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தைக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பெயர்ப் பலகைதான் மாறியது, தோட்டத்து ஆட்களின் வாய் மாறவில்லை. அந்தப் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றுக்காக, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டு நாலா பக்கமும் பிரிந்துபோன குடும்பங்களின் பெயர்ப் பதிவேட்டை அப்பாச்சி கொக்கூனில் செய்து கொடுத்தேன். தரவைக் குறிச்சொற்களோடு எழுதிய எக்ஸ்எம்எல் கோப்பை எடுத்து, எக்ஸ்எஸ்எல்டி என்ற மாற்று விதிகள் வழியாக மாற்றி, இணையப் பக்கமாக வெளியிடும் மென்பொருள் அது. பழசுதான், ஆனால் ஓடுகிறது. அதில் தமிழை எத்தனை வழியில் உடைக்க முடியுமோ அத்தனையையும் நானே செய்து முடித்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் மூலம், மலாயில் சோதித்துப் பார்த்தது. மலாயை எழுதும் ரோமன் எழுத்தான ரூமி முழுக்க, ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கிக்குள் அடங்கிவிடும். குறியாக்கம், அதாவது எழுத்தை எந்த பைட்டாக வைப்பது என்ற கணக்கு, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1 ஆனாலும் எல்லா மொழிக்குமான யூடிஎஃப்-8 ஆனாலும் அதற்கு ஒரே பைட்தான். அதனால் 'செலாமாட் டாத்தாங்' எந்தக் கோளாறையும் காட்டிக் கொடுக்காது. தமிழுக்கோ யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனிக் கணக்கு. 'முனியாண்டி' என்று எழுத 30 பைட் போகிறது. சோதிக்க அந்த ஒரு பெயர் போதும்.

உடைந்த எழுத்தைப் பார்த்ததும் கண்ட இடத்தில் கை வைப்பது அடுத்த தவறு. எப்படி உடைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 பைட்களை யாரோ ஐஎஸ்ஓ-8859-1 என்று நினைத்துப் படிக்கிறார்கள். பைட் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், மீட்டுவிடலாம். வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் எழுத்து போய்விட்டது. அது அப்படியே தரவுத்தளத்தில் பதிந்துவிட்டால் மீட்க வழியில்லை. வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். சர்வரைத் தொடாதீர்கள்.

எக்ஸ்எஸ்எல் கோப்பின் அவுட்புட் வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதிவிட்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை காத்துக் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கொக்கூனில் எக்ஸ்எஸ்எல்டி பைட்களை எழுதுவதே இல்லை. அது கோப்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாக, சாக்ஸ் நிகழ்வுகள் என்ற வடிவில், அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும், பைட்டாக மாற்றுவது கடைசியில் நிற்கும் சீரியலைசர். ஆகவே எந்த முகவரிக்கு எந்தக் கட்டங்கள் என்று சொல்லும் சைட்மேப் கோப்பில் சீரியலைசருக்கு உள்ளேதான் என்கோடிங் அமைப்பை எழுத வேண்டும். அங்கேயே கோப்பு என்ன வகை என்று சொல்லும் மைம் வகையோடு, குறியாக்கத்தின் பெயரான சார்செட்டையும் சேர்த்துவிடுங்கள். பக்கத்துக்குள் இருக்கும் மெட்டா வரி ஒன்று சொல்லி சர்வர் பக்கத்தோடு அனுப்பும் எச்டிடிபி தலைப்பு வேறொன்று சொன்னால், உலாவி தலைப்பின் பேச்சைத்தான் கேட்கும்.

சீரியலைசரை ஐஎஸ்ஓ-8859-1இல் விட்டாலும் தமிழ் சரியாகத் தெரியும் என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. அந்தக் குறியாக்கத்தில் 'அ' கிடையாது, அதனால் சீரியலைசர் அ என்று எண்ணாக எழுதிவிடுகிறது. உலாவி அதைத் திரும்ப 'அ' ஆக்கிக் காட்டுகிறது. 3 பைட் வேலைக்கு 7 பைட், போகட்டும். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு படிவம் இருந்தால், உலாவி பக்கத்தின் குறியாக்கத்திலேயே பதிலை அனுப்பும். இல்லாத எழுத்தை அதுவும் எண்ணாக மாற்றும். பிறகு பதிவேட்டில் ஆள் பெயருக்குப் பதிலாக எண் வரிசை உட்கார்ந்திருக்கும்.

சரி, என்னை அதிகம் படுத்திய கதைக்கு வருகிறேன். கொக்கூனை ஓட்டும் சர்வர் மென்பொருளை டாம்கேட் 7இலிருந்து 8க்கு மாற்றிய வாரம் கோயில் கணக்குப் பார்க்கும் அண்ணன் அழைத்தார். "தம்பி, புதுப் பேரு பதிஞ்சா நல்லா ஏறுது. தமிழ்ல தேடுனா மட்டும் ஆளே இல்லேங்குது."

கொக்கூன் 2.1இல் வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஃபார்ம்-என்கோடிங் என்பது உலாவி எதில் அனுப்புகிறது என்பது. சீரியலைசரில் கொடுத்ததே இங்கும் இருக்க வேண்டும். கன்டெய்னர்-என்கோடிங் என்பது டாம்கேட் அதை எதுவாக நினைத்துப் படித்தது என்பது. பழைய வழக்கப்படி டாம்கேட் ஐஎஸ்ஓ-8859-1 என்றே படிக்கும். கொக்கூன் அந்தச் சரத்தை ஐஎஸ்ஓ-8859-1 பைட்களாகத் திருப்பி, யூடிஎஃப்-8 என்று மறுபடி படித்து நிமிர்த்திவிடும். டாம்கேட் 8 முகவரியில் வரும் தேடல் சொல்லைத் தானாகவே யூடிஎஃப்-8 என்று சரியாகப் படிக்கத் தொடங்கியது. கொக்கூனுக்கு அது தெரியாது. ஏற்கெனவே சரியாக இருக்கும் தமிழை ஐஎஸ்ஓ-8859-1க்குள் திணிக்கப் பார்க்கிறது, எல்லாம் கேள்விக்குறி. முகவரியில் ஒட்டாமல் தனியாக, போஸ்ட் முறையில் வரும் படிவத்தை டாம்கேட் 8 பழையபடியே படித்ததால் பதிவு மட்டும் தப்பியது.

டாம்கேட்டில் கோரிக்கையை வாங்கும் பகுதியான கனெக்டரில் யூஆர்ஐ-என்கோடிங் என்ற பண்பை ஐஎஸ்ஓ-8859-1 என்று பழையபடி வைத்ததும் தேடல் வந்துவிட்டது. பின்னோக்கிப் போவது போலத் தோன்றும், ஆனால் குறைவாகக் கை வைக்கும் வழி அதுதான். எல்லாம் யூடிஎஃப்-8ஆகவே வேண்டும் என்றால், டாம்கேட்டின் எழுத்துக் குறியாக்க வடிகட்டியைப் போட்டு, கொக்கூனின் இரண்டு அமைப்புகளையும் யூடிஎஃப்-8 ஆக்குங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கொக்கூனால் எழுத்து மாறாது. பாதி இங்கே, பாதி அங்கே என்று மாற்றுவதில்தான் வினை.

பழைய திருவிழா நோட்டீஸ்கள் வேறு வகை. எக்ஸ்எம்எல்லின் முதல் வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதிவிட்டால், யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் அடித்த கோப்பு யூனிகோடாகிவிடாது. கோப்பைப் படிக்கும் பார்சர் பைட் தவறு என்று சொல்லி நின்றுவிடும். டிஸ்கியில் 'கொ'வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் கிடக்கும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால் வரும். மாற்றி கட்டாயம் வேண்டும். லினக்ஸின் ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய பாமினி எழுத்துரு இன்னும் மோசம்: 'அம்மா' என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் தான். பார்சருக்கு அதில் தவறே தெரியாது.

தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பெயரை நம்பாமல் எம்பி4 என்று முடிவதை எடுங்கள். முன்னது 3 பைட்டோடு நின்றுவிடும், எமோஜிக்கு 4 வேண்டும். 2019இல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் 4தான்.

கேள்விக்குறியாகவே தரவுத்தளத்தில் பதிந்துபோன பெயர்களுக்கு மட்டும் கோயில் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மறுபடி தட்டினேன். இரண்டு ராத்திரி ஆனது.